பெட்டிக்கு ஜுரம்!

சகோதரிகளே, உங்கள் வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கிறதா? இருந்தால், அதற்குள் என்ன இருக்கும் என்று நான் இங்கே உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். ஒரு கூறைப் புடவை, கட்டி வைத்த ஜாதகங்கள், ஓரம் மடங்கிய போட்டோக்கள் பத்துப் பன்னிரண்டு, யாராலும் வாசிக்க முடியாத ஒரு பத்திரம், நாலு அந்துருண்டை. விலை பேசினால் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனாலும் வீட்டில் தீப்பிடித்தால் நாம் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவது அந்தப் பெட்டியைத்தான்.

இந்தக் காலத்தில் அதன் ஸ்தானத்துக்கு வேறொரு பெட்டி வந்திருக்கிறது. பார்த்தால் ரொட்டி சுடும் டோஸ்டர் மாதிரி இருக்கும். உள்ளே இரண்டோ நாலோ ஹார்டு டிஸ்க்குகள். வீட்டு இண்டர்நெட் கம்பியோடு அதைச் சேர்த்துவிட்டால், வீட்டில் உள்ள டெலிபோன்கள், டெலிவிஷன், கம்ப்யூட்டர் எல்லாம் அதில் வைக்கலாம், அதிலிருந்து எடுக்கலாம். அதற்கு ‘நாஸ்’ என்று பெயர். என் மாமியாருக்கு அந்தப் பெயர் அடியோடு பிடிக்கவில்லை. “நாசப் பெட்டின்னு பேர் வெச்சுட்டு, வீட்டு நடுவுல கொண்டாந்து வெச்சிருக்கீங்களே!” என்றார்.

அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்குச் சென்ற வருஷம் புரட்டாசி மாசம் வந்தது. பெங்களூரில் இருந்த என் கொழுந்தனார் உத்தியோகம் நிமித்தம் கனடாவுக்குப் புறப்பட்டார். சாமான்களோடு சாமானாக இதையும் வேனில் ஏற்றி எங்கள் வேளச்சேரி வீட்டில் இறக்கினார். “அண்ணி, இதுல ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்ணுல எழுதறதை அப்படியே இன்னொண்ணுலயும் எழுதிக்கும். ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும். கவலையே படாதீங்க” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

அதில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? குடும்பத்துப் போட்டோக்கள் இருந்தன. என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து சேகரித்த சினிமாப் படங்கள், மூன்று ஆயுள் பார்த்தாலும் தீராத அளவுக்கு இருந்தன. ஒரு மூலையில் சின்னதாக, ‘அப்பா கதைகள்’ என்று 63 ஒலிப்பதிவுகள் இருந்தன.

என் மாமனார் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி நாட்களில் பெங்களூரில் பேரனுக்குத் தினம் ஒரு கதை சொல்லுவார். கொழுந்தனார் அதையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தார். 2021-ல் மாமா காலமாகிவிட்டார். பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, விளக்கு வைத்ததும் என் மாமியார் நாற்காலியைப் பால்கனிப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு ஒரு கதை கேட்பார். ஒன்றுதான். இரண்டாவது கேட்க மாட்டார். “தீந்துபோயிடும்” என்பார். பதிவு தீராது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் அப்படி.

ஐப்பசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். “ஏம்மா, உங்க மாமாவுக்குக் குரல் திக்குதே!” என்று கூப்பிட்டார். போய்க் கேட்டேன். சத்திரத்துப் பூனையின் கதை. நடுவில் ஓர் இடத்தில் குரல் சட்டென்று நின்றது. அரை நிமிஷம் மௌனம். பிறகு தொடர்ந்தது. மறுபடி போட்டேன். அதே இடத்தில் மறுபடி நின்றது.

அன்று ராத்திரி இரண்டு மணிக்குப் பெட்டி ‘பீப் பீப்’ என்று கத்த ஆரம்பித்தது. வலது பக்கத்து டிஸ்க்கின் விளக்கு சிவப்பாகிவிட்டது.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி, டிஸ்க் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

முதல் டிஸ்க் இயந்திரத்தை ஐ.பி.எம். கம்பெனி 1956-ல் வெளியிட்டது. அதில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது. ஒரு டன்னுக்கு மேல் எடை. அத்தனையும் சேர்ந்து பிடித்து வைத்தது 50 லட்சம் எழுத்துக்கள். இன்று உங்கள் டெலிபோனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே ஏறக்குறைய அவ்வளவு இடம் வேண்டும். எங்கள் வீட்டு டிஸ்க் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். 4 டெராபைட் பிடிக்கும். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டுகள், நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. அவற்றின்மேல் கிராமபோன் முள் மாதிரி ஒரு முனை அலைகிறது. ஆனால் கிராமபோன் முள் தட்டைத் தொடும், இது தொடாது. சில நானோமீட்டர் உயரத்தில், அதாவது தலைமயிரின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில், மிதந்துகொண்டே படிக்கும், எழுதும். இப்படி ஒரு சாமான் இரவு பகலாக வருஷக்கணக்கில் ஓடுகிறதே என்பதுதான் ஆச்சரியம். ஒரு நாள் நின்றுபோவது ஆச்சரியமே இல்லை.

அதனால்தான் இரண்டு டிஸ்க் வைக்கிறார்கள். 1988-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்ற மூவர், மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுக்கொன்று துணையாக வைக்கும் முறைகளை வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த முறைக்கு ‘ரெய்டு’ என்று பெயர் வைத்தார்கள். (பயப்படாதீர்கள்! வருமான வரிக்காரர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அதில் மிகவும் எளிய வகை கண்ணாடி முறை: இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே கணக்கை இரண்டு நோட்டில் எழுதுவது மாதிரி. மூன்று டிஸ்க்குகளுக்கு இன்னொரு தந்திரம் உண்டு. முதல் நோட்டில் 7, இரண்டாவதில் 5, மூன்றாவதில் கூட்டுத்தொகை 12 என்று எழுதி வைத்தால், எந்த ஒரு நோட்டுத் தொலைந்தாலும் மற்ற இரண்டைக் கொண்டு தொலைந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அதே கணக்குத்தான், கொஞ்சம் வேறு உருவத்தில்.

சரி, ராத்திரி இரண்டு மணிக்கு வருவோம்.

என் கணவர் எழுந்து வந்தார். “ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பார்க்கலாமா?” என்றார். நம் வீடுகளில் டெலிவிஷன், மிக்ஸி, புருஷன்மார் எல்லாவற்றுக்கும் அதுதானே முதல் வைத்தியம்! ஆனால் நோயில் இருக்கிற டிஸ்க்குக்கு அது ஆகாது. நின்ற டிஸ்க் மறுபடி சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில விநாடிகள்தான் அதற்கு ரொம்பக் கஷ்டமான நேரம். ஓடிக்கொண்டிருந்தது நின்றால் பிறகு எழுந்திருக்காமலே போகலாம். “தொடாதீங்க” என்று சொல்லி, கம்ப்யூட்டர் வழியாகப் பெட்டியின் உடல்நிலையைப் பார்த்தேன்.

டிஸ்க் ஒவ்வொன்றும் தன் உடம்பைப் பற்றித் தானே குறிப்பு எழுதிக்கொள்ளும். ‘ஸ்மார்ட்’ என்று அதற்குப் பெயர். அந்தக் குறிப்பில் வரிசை வரிசையாக எண்கள் இருக்கும். எல்லாவற்றையும் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. பந்தி பரிமாறத் தெரிந்தவர்கள் மூன்று எண்களைப் பார்த்தால் போதும்.

பந்தியில் இலை போடுகிறோம். ஒரு இலை கிழிந்திருந்தால் எடுத்துவிட்டு, கட்டிலிருந்து நல்ல இலை போடுகிறோம். டிஸ்க்கிலும் உபரி இலைக்கட்டு உண்டு. கெட்டுப்போன இடத்தை ஒதுக்கிவிட்டு உபரியில் இருந்து ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளும். அப்படி மாற்றியவை எத்தனை என்று சொல்வது 5-ஆம் எண் வரிசை. ஒன்றிரண்டு இருந்தால் கவனிக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஏறினால் புது டிஸ்க் வாங்கப் புறப்பட வேண்டும்.

சில இலை கிழிசல் என்று சந்தேகம். ஆனால் சாம்பார் சாதம் வைத்தாகிவிட்டது. எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. 197-ஆம் வரிசை அந்த ரகம். அந்த இடத்தை டிஸ்க்கினால் படிக்க முடியவில்லை. புதிதாக எழுதும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த இடத்தில் இருக்கும் உங்கள் போட்டோவுக்கோ பாட்டுக்கோ அப்போதே ஆபத்து வந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, 199. இலையில் குற்றமில்லை, பரிமாறுகிறவர் கை நடுங்கி வழியில் சிந்துகிறது. இந்த எண் ஏறினால் கோளாறு பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை; கம்பியில், சொருகும் இடத்தில். டிஸ்க்கை மாற்றிப் பணத்தை விரயம் செய்வதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

வலது டிஸ்க் குறிப்புக் கொடுக்கவே இல்லை. பேச்சு மூச்சில்லை. இடது டிஸ்க்கில் 199-ல் சைபர். 5-ல் சைபர். விளக்கு ஜம்மென்று பச்சை. 197-ல் மட்டும் 24.

அதைப் பார்த்ததும் எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது. “ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்” என்றாரே, அந்த ‘இருக்கும் ஒன்று’ம் ஜுரத்தில் படுத்திருக்கிறது! இதில் அதிசயமும் இல்லை. இரண்டும் ஒரே கம்பெனி. 2018-ல் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. ஒரே பெட்டிக்குள் ஒரே சூட்டில் ஓடியவை. ஒரே வேனில் குலுங்கியவை. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு அம்மை போட்டால் மற்றதைத் தனியே படுக்க வைத்துக் கவனிக்க மாட்டோமா?

பொழுது விடிந்ததும் ஆளுக்கு ஒரு யோசனை. டிஸ்க் விற்கும் கடைக்காரர் ஒருவருக்குப் போன் செய்தேன். “செத்த டிஸ்க்கை எடுத்துட்டுப் புதுசு போடுங்க மேடம். பெட்டியே ரீபில்டு பண்ணிக்கும்” என்றார். எதிர் வீட்டுப் பெரியவர், “டிஸ்க்கைப் பாலிதீன் பையில சுத்தி ஃப்ரீஸர்ல ஒரு ராத்திரி வைம்மா. என் பையன் காலேஜ்ல இருக்கும்போது அப்படித்தான் பிழைக்க வெச்சான்” என்றார்.

ஃப்ரீஸர் வைத்தியம் பழைய காலத்து டிஸ்க் ஏதோ ஒன்றிரண்டுக்குப் பலித்திருக்கலாம். குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் பால் பாக்கெட்டின்மேல் முத்து முத்தாகத் தண்ணீர் பூக்கிறதே, அது சில நானோமீட்டர் இடைவெளியில் பூத்தால் என்ன கதியாகும்? எங்கள் வீட்டு ஃப்ரீஸரில் பட்டாணிக்கே இடம் போதவில்லை என்று பெரியவருக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. மீதியிருக்கும் டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தால் அதுதான் சரியான வழி. ஆனால் ரீபில்டு என்பது என்ன? புது டிஸ்க்கை நிரப்புவதற்காக, இருக்கிற ஒரே டிஸ்க்கை ஆதி முதல் அந்தம் வரை மணிக்கணக்கில் விடாமல் படிப்பது. ஜுரக்காரனை எழுப்பி மாவாட்டச் சொல்வது மாதிரி. நடுவில் படிக்க முடியாத இடம் வந்தால் சில பெட்டிகள் வேலையையே நிறுத்திவிடும். வீட்டு உபயோக டிஸ்க்குகள் பலவற்றுக்குக் கம்பெனிக்காரர்கள் போட்டிருக்கும் கணக்கே, ஒன்றுக்குப் பின்னால் 14 சைபர் போட்ட அளவு பிட்டுகளைப் படித்தால் அதிகபட்சம் ஒன்று படிக்க முடியாமல் போகலாம் என்பதுதான். அதாவது 12½ டெராபைட்டுக்கு ஒன்று. நடைமுறையில் இதைவிட நன்றாகவே ஓடுகின்றன என்பது வேறு விஷயம். ஆனால் 197-ல் 24 என்று ஏற்கெனவே எழுதியிருக்கும்போது ஜோசியம் பார்ப்பானேன்?

கூகுள் கம்பெனிக்காரர்கள் தங்களிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தன்னைத் தானே சோதிக்கும்போது முதல் பழுது தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் சாகும் அபாயம், பழுதில்லாததைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதைவிட முக்கியமான இன்னொன்று: செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நாலு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்திருந்தன. ஆகையால், அறிகுறி வந்தால் நம்ப வேண்டும். வரவில்லை என்பதை நம்பக் கூடாது.

எங்கள் காரியாலயத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு தம்பி இருக்கிறார். அவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். “அக்கா, ரீபில்டு அப்புறம். முதல்ல காப்பி” என்றார். நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

முதல் காரியம், டெலிபோன்கள் தாமாகவே அதில் போட்டோ ஏற்றுவதை நிறுத்தினேன். இரண்டாவது, ஒரு புது யு.எஸ்.பி. டிஸ்க்கை வாங்கி வந்து நகல் எடுக்க உட்கார்ந்தேன். எதை முதலில்? சகோதரிகளே, இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. ‘எது பெரிதோ அது’ அல்ல. ‘எது மறுபடி கிடைக்காதோ அது’. மாமாவின் கதைகள் 63, மொத்தமே கையளவு, கால் மணியில் தீர்ந்துவிடும். அவை முதலில். அடுத்தது போட்டோக்கள். பிறகு வீட்டுப் பத்திரம், சர்ட்டிபிகேட் வகைகள். கடைசியில் சினிமா. என் கணவர் முகம் வாடினார். “சினிமா மறுபடி கிடைக்கும்” என்றேன். “சில படம் கிடைக்காது” என்றார். “அதற்கும் உங்கள் அப்பா குரலுக்கும் பேச்சா?” என்றதும் பேசாமல் காப்பி போடப் போய்விட்டார்.

62 கதைகள் வந்துவிட்டன. சத்திரத்துப் பூனை வர மறுத்தது. பாதியில் ‘படிக்க முடியவில்லை’ என்று முழுப் பதிவையும் கைவிட்டது. போட்டோக்கள் முழுசாக வந்தன. சினிமாவில் இரண்டு மட்டும் இதே போல் மறுத்தன. ஆக, மூன்று பழுது. கணக்கும் சரியாக இருந்தது. இந்த டிஸ்க்குகள் 4,096 பைட் கொண்ட கட்டம் கட்டமாக எழுதுபவை. ஒரு கட்டம் கெட்டால் குறிப்பில் எட்டு என்று ஏறும். மூவெட்டு இருபத்து நாலு.

அதன் பிறகே பெட்டியை முறைப்படி அணைத்தேன். டிஸ்க்கைக் கழற்றுமுன் இரண்டிலும் ஸ்டிக்கர் ஒட்டி ‘இடம்’, ‘வலம்’ என்று எழுதி, சீரியல் நம்பரையும் குறித்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். செத்ததை எடுப்பதாக நினைத்து உயிரோடு இருப்பதை உருவி, அதில் புதிதாக எழுதிக் குடி கெடுத்த கதைகள் உலகத்தில் ஏராளம்.

வலது டிஸ்க்கைத் தனியே ஒரு தடவை மின்சாரம் கொடுத்துக் கேட்டோம். ‘டக்... டக்... டக்...’ என்றது. முனை தன் இடம் தெரியாமல் தேடி முட்டிக்கொள்ளும் ஓசை அது. அந்த ஓசை கேட்டால் உடனே மின்சாரத்தை எடுத்துவிட வேண்டும். ஓட ஓடத் தட்டு சிராய்த்துப்போகும். அதைத் திறந்து பார்ப்பது தூசியில்லாத அறையில் நிபுணர்கள் செய்ய வேண்டிய காரியம், செலவும் பெரிது. அதைத் துணியில் சுற்றி வைத்துவிட்டோம்.

இடது டிஸ்க்குக்கு ‘டிடி ரெஸ்க்யூ’ என்ற இலவசப் புரோகிராமை அந்தத் தம்பி சொல்லிக் கொடுத்தார். லினக்ஸில் ஓடுவது. சாதாரண நகல், கெட்ட இடம் வந்தால் அங்கேயே உட்கார்ந்து அழும். இது அப்படியல்ல. கெட்டிக்காரப் பிள்ளை பரீட்சை எழுதுவது மாதிரி, சுலபமான கேள்விகளை எல்லாம் முதலில் எழுதிவிட்டு, கஷ்டமானவற்றுக்கு அப்புறம் வரும். எங்கே விட்டது என்று தனியே குறித்தும் வைத்துக்கொள்ளும். ஒரு ராத்திரியும் மறுநாள் மத்தியானம் வரையிலும் ஓடிற்று. முழு டிஸ்க்கும் புது டிஸ்க்கில் நகலாகிவிட்டது. கெட்ட மூன்று கட்டங்களில் இரண்டு, பலமுறை கேட்ட பிறகு மனமிரங்கிப் பதில் சொல்லிவிட்டன. சினிமா இரண்டும் பிழைத்தன! ஒரு கட்டம் மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அது பூனைக் கதை.

4,096 பைட் என்றால் எவ்வளவு? அந்த ஒலிப்பதிவில் ஒரு விநாடிக்கு 16,000 பைட். ஆக, போனது கால் விநாடி. நகலில் இப்போது பூனைக் கதை திறந்தது. நடுவில் ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் மாமியாரிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சத்திரத்துக்காரன் வந்தான், பாலைக் காணோம் என்றான், பூனை சாட்சி சொல்ல வந்தது. சடக்கென்று ஒரு துள்ளல். கதை மேலே போயிற்று.

“எல்லாம் வந்துடுச்சு, இல்லையா அத்தை?” என்றேன்.

“பூனை சொன்னதெல்லாம் இருக்கு. அவர் இருமலைத்தான் காணோம்” என்றார்.

“இருமலா?”

“அந்த இடம் வரும்போது அவருக்குச் சிரிப்பு வரும். பேரன் முன்னாடி சிரிச்சா கதை கெட்டுடும்னு இருமிக்குவார். எனக்குக் கல்யாணமான புதுசுலே இருந்து அப்படித்தான்.” சற்று நேரம் கழித்து, “கதையை யார் வேணா சொல்லலாம்மா” என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி திருச்சியில் இருக்கும் என் நாத்தனாருக்குப் போன் செய்தேன். அப்பாவின் கதை ஏதாவது அண்ணனோ தம்பியோ அனுப்பியது உண்டா என்று கேட்டேன். “நாலஞ்சு வாட்ஸ்அப்ல வந்துச்சு அண்ணி. பழைய போன்ல இருக்கு” என்றார். இரண்டு நாள் பொறுத்துப் பழைய போனுக்கு உயிர் கொடுத்துத் தேடி அனுப்பினார். நாலு கதை. மூன்றாவது பூனை. பூனை சாட்சி சொல்ல வந்தது. மாமா இருமினார்.

அந்தச் சமயத்தில் எனக்குத் தோன்றியது இது. உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார் அல்லவா? ஊர் ஊராக ஏட்டுப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டார். ஓர் ஏட்டில் செல்லரித்த இடத்துக்கு இன்னோர் ஊர் ஏடு பதில் சொல்லிற்று. ஒரே வீட்டுப் பரணில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி வைத்த இரண்டு சுவடியும் ஒரே கரையானுக்குத்தான் இரையாகும். வேறு ஊரில், வேறு வீட்டில் இருந்த பிரதியே நூலைக் காப்பாற்றிற்று. எங்கள் பெட்டிக்குள் இருந்த இரட்டை டிஸ்க் செய்ய முடியாததைத் திருச்சியில் ஒரு பழைய போன் செய்தது.

இரண்டு டிஸ்க் இருப்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்று செத்தாலும் பெட்டி நிற்காமல் ஓடுகிறதே, அதற்கு அது ரொம்ப உபகாரம். ஆனால் அது மாற்றுப் பிரதி ஆகாது. குழந்தை கை பட்டு ஒரு போட்டோ அழிந்தால், கண்ணாடி முறையில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். வைரஸ் வந்தால் இரண்டிலும் வரும். மழை வெள்ளம் வந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் வேளச்சேரி 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்றது. கீழ் வீட்டு அம்மாள் கல்யாண ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகக் கொடியில் காயப்போட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

இதற்கு ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று ஒரு வாய்பாடு இருக்கிறது. பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்தியது. பிரதிகள் மூன்று, இரண்டு வெவ்வேறு விதமான சாதனங்களில், அதில் ஒன்று வெளியிடத்தில். எங்கள் வீட்டில் இப்போது பெட்டியில் ஒன்று, பீரோவில் யு.எஸ்.பி. டிஸ்க்கில் ஒன்று, திருச்சியில் ஒன்று. நாத்தனார் பொங்கலுக்கும் ஆடிக்கும் வரும்போது டிஸ்க் கைமாறுகிறது. முறுக்கு டப்பாவோடு அதுவும் போய்வருகிறது.

புது டிஸ்க் வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று வார்த்தை. நாஸ் பெட்டிக்கென்றே செய்யும் டிஸ்க்குகள் உண்டு, அவற்றையே கேளுங்கள். சாதாரண டிஸ்க் ஒரு கெட்ட இடத்தில் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று மல்லுக்கட்டும். மாமாவின் குரல் திக்கியதும் அதனால்தான். பெட்டிக்கென்று செய்த டிஸ்க், பெரும்பாலும் ஏழு விநாடி பார்த்துவிட்டு, “என்னால் முடியவில்லை, மற்றவனைக் கேள்” என்று சொல்லிவிடும். இரண்டாவது, தடங்களை வீட்டுக் கூரையில் ஓடு வேய்வது போல் ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி எழுதும் டிஸ்க்குகள் இருக்கின்றன. நடுவில் ஓர் ஓட்டை மாற்ற நாலு ஓட்டைப் பிரிக்க வேண்டாமா? அதே தொல்லை இதிலும் உண்டு. ரீபில்டு ரொம்ப நேரம் இழுக்கும். 2020-ல் இதைப் பற்றிப் பெரிய கூச்சலே எழுந்தது. வாங்குமுன் ‘எஸ்.எம்.ஆர்.’ வேண்டாம், ‘சி.எம்.ஆர்.’ வேண்டும் என்று கேளுங்கள். மூன்றாவது, இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீர்கள். சம்பந்தியாக இருக்கட்டும், இரட்டைப் பிள்ளையாக வேண்டாம்.

பெட்டியை ஒரு சின்ன யு.பி.எஸ்.-ஸில் சொருகுங்கள், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது அதற்கு ஆகாது. ஃப்ரிட்ஜுக்கு மேலேயோ, சுவாமி விளக்குக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். மாசத்துக்கு ஒரு தடவை டிஸ்க் முழுவதையும் தானே படித்துப் பார்த்துக்கொள்ளும்படி பெட்டியில் ஏற்பாடு உண்டு. அதைப் போட்டு வையுங்கள். கெடுதல் வந்தால் உங்கள் டெலிபோனுக்குத் தகவல் வரும்படியும் செய்யலாம். பச்சை விளக்கை மட்டும் நம்பாதீர்கள். ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே ஜுரத்தோடு சமையல் செய்கிற ஜாதி நாம், நமக்கா தெரியாது?

நகல் எடுத்து வைத்தவர்கள், மூன்று மாசத்துக்கு ஒரு முறை அதிலிருந்து ஏதாவது ஒன்றைத் திறந்து பார்த்துவிடுங்கள். எடுத்த நகல் திறக்கிறதா என்பது, திறந்து பார்த்தால்தான் தெரியும். நிறையச் சிரமம் என்று தோன்றினால், குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். உங்கள் வீட்டில் மறுபடி கிடைக்காத குரல் எது, முகம் எது என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாகப் பத்து நிமிஷத்தில் நகல் எடுத்துவிடக்கூடிய அளவுதான் இருக்கும். அதை இந்த ஞாயிற்றுக்கிழமையே இன்னோர் ஊரில் இருக்கும் ஒரு பந்துவுக்கு அனுப்பிவிடுங்கள். என்ன விசேஷம் என்று அவர்கள் கேட்டால், ஒன்றுமில்லை, சும்மா கேட்டுப் பாருங்கள் என்று சொல்லுங்கள்.